சிக்லிட் மீன்களில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

நடுத்தர அளவுள்ள ஒரு தொட்டியில் கென்யி என்னும் சிக்லிட் வகையின் இரண்டு ஆண் மீன்களை விட்டுவைத்தால், சில வாரங்களில் ஒன்று மட்டுமே மிஞ்சுவதை இம்மீன்களை வளர்ப்பவர்கள் பலர் நேரில் கண்டிருப்பார்கள். தோற்ற மீன் வால் கிழிந்து, செதில் உதிர்ந்து, ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கும்; தீனிக்குக்கூட வெளியே வராமல் கடைசியில் இறந்துபோகும். ஆகவே ஆண், பெண் பிரித்தறிவதைக் குஞ்சு எடுக்க விரும்புவோருக்கு மட்டும் உரிய அறிவாகக் கருதக் கூடாது. சிக்லிட் தொட்டியில் மீன்கள் உயிரோடு இருப்பதற்கே அது தேவைப்படுகிறது.

கப்பி, மோலி போன்ற குட்டி போடும் மீன்களில் இந்தச் சிக்கல் இல்லை. அவற்றின் ஆண்களுக்குக் குதத் துடுப்பு மெல்லிய குச்சிபோல் மாறியிருப்பதால் சிறுவர்கள்கூட ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். சிக்லிட் குடும்பத்திலோ 1,700-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவை அனைத்துக்கும் பொதுவாகப் பொருந்தும் வெளி அடையாளம் ஒன்றுகூட இல்லை. ‘துடுப்பு நீண்டிருந்தால் ஆண்’, ‘தலை புடைத்திருந்தால் ஆண்’ என்று கடைகளில் சொல்லப்படும் விதிகள் சில இனங்களுக்குப் பொருந்தும், பல இனங்களில் தவறிவிடும். எனவே மீனைப் பார்ப்பதற்கு முன், அந்த இனம் எவ்வாறு இனம் பெருக்குகிறது என்பதை அறிந்துகொள்வதிலிருந்து தொடங்குவதே என் அனுபவத்தில் நம்பகமான வழி.

முதல் படி: இனத்தின் குடும்ப வாழ்க்கையை அறிதல்

ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து, கல்லின் மீதோ இலையின் மீதோ முட்டையிட்டு, இருவருமாகக் காவல் காக்கும் இனங்களில் இருபாலாரும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பார்கள். ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இந்தியாவுக்கு உரிய சிக்லிட்கள் மூன்றே இனங்கள். அவற்றுள் 2010-இல் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட கரிமீனும், அதன் சிறிய உறவான ஆரஞ்சு குரோமைடும் இவ்வாறே இருவரும் சேர்ந்து குஞ்சு காப்பவை. அவற்றிலும் நிறத்தையோ துடுப்பையோ வைத்துப் பால் பிரிப்பது மிகக் கடினம். இந்த வகை மீன்களின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை. நேராக இவ்வழிகாட்டியின் நான்காம், ஐந்தாம் படிகளுக்குச் சென்றுவிடலாம்.

பெண் மட்டும் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்க, ஆண் அதன் பிறகு எந்தப் பொறுப்பும் ஏற்காமல் அடுத்த பெண்ணைத் தேடும் இனங்களில் நிலைமை நேர்மாறானது. பெண்ணின் கண்ணில் படுவதற்காக ஆண்கள் ஒருவரோடொருவர் போட்டியிட வேண்டியிருப்பதால், ஆணின் நிறம் பளிச்சென்றும் பெண்ணின் நிறம் மங்கலாகவும் அமைகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த பீக்காக், எலக்ட்ரிக் ப்ளூ முதலியவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

ஓர் ஆண் பல பெண்களைத் தன் எல்லைக்குள் வைத்துக் காக்கும் இனங்கள் மூன்றாம் வகை. இவற்றில் வேறுபாடு முதலில் உடலளவில் தெரியும். தென் அமெரிக்காவின் அபிஸ்டோகிராமா ஆண்கள் பெண்களைவிடக் கண்கூடாகப் பெரியவை. டாங்கனிக்கா ஏரியில் வாழும் கேலிப்டெரஸ் என்னும் மீனில் இந்த வேறுபாடு வியக்கத்தக்க எல்லையை எட்டுகிறது. காலி நத்தைக் கூடுகளைச் சுமந்து வந்து குவிக்கும் வலிமை ஆணுக்கு வேண்டும். அந்தக் கூட்டுக்குள் நுழைந்து முட்டையிடும் அளவுக்குப் பெண் சிறியதாக இருக்க வேண்டும். அதனால் அங்கே ஆண் சராசரியாகப் பெண்ணைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் எடையுள்ளது. அதே ஏரியின் ஜூலிடோகுரோமிஸ் மார்லியரியிலோ பெண்தான் பெரியது, சண்டையில் முந்துவதும் பெண்தான். ‘பெரியது ஆண்’ என்ற நம்பிக்கையோடு இந்த மீனை வாங்குபவர் ஒவ்வொரு முறையும் தவறாகவே கணிப்பார்.

இரண்டாம் படி: நிறத்தைப் பார்த்தல்

நிறம் நம்பகமான சாட்சிதான், ஆனால் முதிர்ந்த மீனிடம் மட்டும். மலாவி மீன்களில் குஞ்சுகள் ஏறத்தாழ எப்போதும் பெண்ணின் நிறத்திலேயே இருக்கும். ஆண் வளர்ந்த பிறகுதான் நிறம் மாறும். கென்யியில் குஞ்சும் பெண்ணும் நீலம், பட்டைகளுடன் இருக்கும். முதிர்ந்த ஆண் மஞ்சளாகும். சௌலோசி என்னும் சிறிய மீனில் இது அப்படியே தலைகீழ்: குஞ்சும் பெண்ணும் மஞ்சள், ஆண் நீலமாகிக் கரும்பட்டைகள் பெறும். ஆரட்டஸில் குஞ்சும் பெண்ணும் மஞ்சள் உடலில் கருங்கோடுகளுடன் இருக்க, ஆண் கரிய உடலில் வெளிர் கோடுகளுடன் மாறுகிறது. இந்த மூன்றையும் பார்த்தவர்கள் ‘மஞ்சள் என்றால் பெண்’ என்று பொதுவிதி செய்யத் துணிய மாட்டார்கள்.

எலக்ட்ரிக் எல்லோவில் இருபாலும் மஞ்சள். முதிர்ந்த ஆணின் இடுப்புத் துடுப்பும் குதத் துடுப்பும் அடர்ந்த கறுப்பாக இருக்கும் என்பது உண்மையே. எனினும் தொட்டியில் ஆதிக்கம் செலுத்தும் பெண்ணுக்கும் அந்தக் கறுப்பு வரக்கூடும். ஆதிக்கத்தில் தாழ்ந்த ஆணுக்கு அது மங்கிவிடும். ஆதிக்க நிலை நிறத்தை மாற்றுவது இந்தக் குடும்பத்தில் பரவலாகக் காணப்படும் செய்தி. பர்ட்டோனி என்ற ஆப்பிரிக்கச் சிக்லிட்டில், எல்லையை இழந்த ஆண் சில நிமிடங்களிலேயே பெண்போல் மங்கிவிடுவதை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். எனவே ஒரு தொட்டியில் ஒரே ஒரு மீன் மட்டும் ஆண் நிறத்தில் இருந்தால், மற்றவை எல்லாம் பெண்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நிறம் காட்டும் மீனைச் சில நாட்கள் வேறு தொட்டிக்கு மாற்றிப் பாருங்கள். அடுத்த நிலையில் இருந்த ஆண் தானாகவே நிறமேறி வெளிப்படும்.

குதத் துடுப்பில் காணப்படும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு வட்டங்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இவை முட்டைப் புள்ளிகள். பெண் முட்டையிட்டவுடன் அவற்றை வாயில் அள்ளிக்கொண்டு, ஆணின் துடுப்பில் உள்ள புள்ளிகளையும் முட்டை என்று எண்ணிக் கவ்வ முயலும்போது, ஆணின் விந்து அதன் வாய்க்குள் சென்று முட்டைகளைக் கருவுறச் செய்கிறது என்ற விளக்கத்தை 1962-இல் வோல்ஃப்காங் விக்லர் வெளியிட்டார். ஆணின் புள்ளிகள் எண்ணிக்கையில் கூடுதலாகவும், விளிம்பு தெளிவாகவும் இருப்பது வழக்கம். ஆனால் பல இனங்களின் பெண்களுக்கும் மங்கலான புள்ளிகள் உண்டு. ஆகையால் புள்ளி இருப்பதை வைத்து மட்டும் தீர்ப்பளிக்கக் கூடாது.

பெண்ணின் நிறமே அழகாக அமைந்த இனங்களும் உள்ளன. புதிதாகப் பழகுபவருக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது மத்திய அமெரிக்காவின் கான்விக்ட் மீனைத்தான். அதன் பெண்ணுக்கு வயிற்றின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறச் செதில்கள் மின்னும். ஆணுக்கு அவை இருப்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கிரிபென்சிஸில் பெண் குட்டையாகவும் உருண்டும், வயிறு பழுத்த செர்ரிப் பழத்தின் நிறத்திலும் இருக்கும். ஆண் நீண்டு, முதுகுத் துடுப்பின் முனை கூராக முடியும். ராம் மீனில் பெண்ணின் வயிறு இளஞ்சிவப்பாகச் சிவந்திருக்கும். உடலின் நடுவே உள்ள கரும்புள்ளிக்குள் நீலச் செதில்கள் தூவப்பட்டிருப்பதும் பெண்ணின் அடையாளமே. பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட எலக்ட்ரிக் ப்ளூ ராம்களில் அந்தக் கரும்புள்ளியே மறைந்துவிட்டதால் இந்த வழி பயன்படாது. சால்வினியில் முதுகுத் துடுப்பின் நடுவிலும் செவுள் மூடியின் கீழ்ப்பகுதியிலும் கரும்புள்ளி இருந்தால் அது பெண்.

பீக்காக் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லாத சிறு மீன்கள் ஒரு தொட்டி நிறைய, ஒன்று விடாமல் முழு நிறத்தில் ஜொலித்தால் அது இயற்கையான காட்சி அல்ல. இயல்பான ஒரு ஈட்டுக் குஞ்சுகளில் (ஒரே முறை இட்ட முட்டைகளிலிருந்து பிறந்தவற்றில்) பாதியளவு பெண்கள் இருக்கும். அவை சாம்பலும் பழுப்புமாகவே காட்சி தரும். ஆண்களும் ஒரே நேரத்தில் நிறமேறுவதில்லை. ஆண் ஹார்மோன் கலந்த தீனி கொடுத்துப் பெண்களுக்கும் நிறம் ஏற்றி விற்கும் வழக்கம் வணிகத்தில் உண்டு. வீட்டுக்கு வந்து அந்தத் தீனி நின்றதும் நிறம் படிப்படியாக வெளுக்கும். இவ்வாறு வாங்கிய மீன்களை நிறத்தைக் கொண்டு பிரிக்கவே முடியாது என்பதோடு, அவை இனப்பெருக்கத்துக்கும் நம்பத்தக்கவை அல்ல. விலை மலிவாக இருந்தாலும் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: உடலளவு, துடுப்பு, தலைப் புடைப்பு

ஒரே ஈட்டில் பிறந்து, ஒரே தொட்டியில் வளர்ந்த மீன்களுக்கிடையே மட்டும் அளவை ஒப்பிடுங்கள். வெவ்வேறு வயதுள்ள இரண்டு மீன்களை அருகருகே வைத்து, பெரியதை ஆண் என்று சொல்வது வெறும் ஊகம். ஒரே ஈட்டுக் குஞ்சுகளில் மற்றவற்றை முந்திக்கொண்டு வளர்பவை பெரும்பாலும் ஆண்கள்.

முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் பின்முனையில் இழைபோல் நீண்டு முடிவது பல இனங்களில் ஆணின் அடையாளம். ஃபயர்மவுத்திலும் கிரீன் டெரரிலும் இது தெளிவாகத் தெரியும். ஆனால் சண்டையில் கிழிந்த துடுப்பும், நீர் கெட்டதால் அழுகிய துடுப்பும் இந்த அடையாளத்தை அழித்துவிடும். நெற்றிப் புடைப்பும் அப்படித்தான். ஃப்ளவர்ஹார்னில் பெரிய புடைப்பு பெரும்பாலும் ஆணுக்கே வளரும். ஆனால் நல்ல வம்சத்துப் பெண்ணுக்கும் புடைப்பு எழுவதுண்டு, தரம் குறைந்த ஆணுக்கு எழாமலே போவதும் உண்டு. ஃப்ரண்டோசாவில் இருபாலுக்கும் புடைப்பு இருப்பதால் அங்கே அது சான்றாகவே கொள்ளத்தக்கதல்ல. முகத்தில் புழு நெளிந்தாற்போன்ற கோடுகள் இருந்தால் செவரம் ஆண் என்பது இவற்றைவிட உறுதியான குறிப்பு.

நான்காம் படி: அடிவயிற்றுத் துளைகளைப் பார்த்தல்

இதுவரை சொன்னவை எல்லாம் மறைமுகச் சான்றுகள். மீனின் அடிவயிற்றில், குதத் துடுப்புக்குச் சற்று முன்னால் இரண்டு துளைகள் உள்ளன. தலைப் பக்கம் இருப்பது மலத்துளை. வால் பக்கம் இருப்பது இனப்பெருக்கத் துளை. ஆணில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும், அல்லது பின்துளை சிறியதாக இருக்கும். பெண்ணில் முட்டை வெளிவர வேண்டியிருப்பதால் பின்துளை மலத்துளையைவிட அகலமாக இருக்கும். நிறமோ துடுப்போ உதவாத ட்ரோஃபியஸ், ஃப்ரண்டோசா போன்ற மீன்களுக்கு இதுவே முதன்மையான வழி.

தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்தத் திலாப்பியாவும் சிக்லிட்தான். ஆண் விரைவாக வளர்வதாலும், பெண் கலந்துவிட்டால் குளம் முழுவதும் சிறு குஞ்சுகளால் நிறைந்துவிடுவதாலும், பண்ணைகளில் மீனைக் கையில் பிடித்துத் துளை பார்த்து ஆண்களை மட்டும் பிரித்தெடுக்கும் வழக்கம் உண்டு. பெண் திலாப்பியாவின் பின்துளை அமைந்த சிறு முனைப்பில் சிறுநீர்த் துளையைத் தவிர, குறுக்காக ஒரு கீற்றுப் பிளவு இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒரு சொட்டுச் சாயம் தடவுவார்கள், சாயம் பிளவில் தங்கிக் கோடாகத் தெரியும்.

வீட்டில் செய்யும்போது முதலில் மீன் ஏழெட்டு சென்டிமீட்டராவது வளரும் வரை பொறுத்திருங்கள். அதற்கும் சிறிய மீனில் துளைகளின் வேறுபாடு கண்ணுக்கு எட்டாது. முந்தைய நாள் தீனி கொடுக்க வேண்டாம்; வயிறு நிறைந்திருந்தால் மலத்துளை விரிந்து கணிப்பைக் கெடுக்கும். தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்து வைத்துக்கொண்டு, மென்மையான வலை, நனைத்த பருத்தித் துணி, உருப்பெருக்கிக் கண்ணாடி, நல்ல வெளிச்சம் ஆகியவற்றையும் ஆயத்தமாக வைத்திருங்கள். உலர்ந்த கை மீனின் மேல் உள்ள வழவழப்பான பாதுகாப்புப் படலத்தை உரித்துவிடும் என்பதால், கைகளை முதலில் நன்றாக நனைத்துக்கொள்ள வேண்டும்.

மீனை ஈரத் துணியில் ஏந்தி, கண்களைத் துணியால் மூடினால் துள்ளல் குறையும். பிறகு வயிறு மேல் நோக்கும்படி மெதுவாகத் திருப்புங்கள். முதுகுத் துடுப்பின் முட்கள் உள்ளங்கையில் குத்தலாம். அதற்கு அஞ்சி மீனை இறுக்கிப் பிடித்துவிடாதீர்கள். அந்த நேரத்திலேயே முடிவு செய்ய முயலாமல், கைப்பேசியில் அருகிலிருந்து இரண்டு மூன்று படங்கள் எடுத்துவிட்டு மீனை நீரில் விட்டுவிடுவது மேல். எல்லாம் முப்பது நொடிக்குள் முடிய வேண்டும். பிறகு படங்களைப் பெரிதாக்கி அமைதியாக ஒப்பிடலாம்.

ஒரு மீனை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முயல்வதுதான் தொடக்கத்தில் எல்லாரும் செய்யும் பிழை. ‘பெரிய துளை’ என்பது எதோடு ஒப்பிட்டுப் பெரியது என்று தெரியாதபோது கண் ஏமாந்துவிடும். ஒரே அளவுள்ள நான்கைந்து மீன்களின் படங்களை வரிசையாக வைத்தால் இரண்டு குழுக்களாக அவை தாமாகவே பிரிந்து நிற்கும். அண்மையில் முட்டையிட்ட பெண்ணின் துளை சில நாட்கள் விரிந்தே இருக்குமாதலால், அது ஒப்பீட்டுக்கு நல்ல அளவுகோல்.

தொண்டை புடைத்து, தீனி எடுக்காமல், வாயை அசைபோடுவதுபோல் மென்றுகொண்டிருக்கும் மலாவி மீனைப் பிடிக்கவே வேண்டாம். அது வாயில் முட்டை சுமக்கும் பெண்; பிடித்தால் முட்டைகளை உமிழ்ந்துவிடும். அதன் பால் என்ன என்பது அப்போதே உறுதியாகிவிட்டது. ஆனால் இதையும் எல்லா ஏரிகளுக்கும் நீட்டிக்கக் கூடாது: டாங்கனிக்காவின் எரெட்மோடஸில் தாயும் தந்தையும் மாறி மாறிச் சுமக்கின்றன, மேற்கு ஆப்பிரிக்காவின் கருந்தாடைத் திலாப்பியாவில் தந்தையே சுமக்கிறது.

ஐந்தாம் படி: முட்டையிடும் நேரமும் முட்டையும்

ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார் ஆகியவற்றில் முட்டையிடுவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன் இனப்பெருக்கக் குழாய் வெளியே நீண்டு தெரியும். குழாய் மெலிந்து கூராக இருந்தால் ஆண். தடித்து, முனை மழுங்கியிருந்தால் பெண். மீனைத் தொடாமலே கண்ணாடி வழியாகப் பார்த்துவிடலாம் என்பதால், இதற்காகக் காத்திருப்பது வீண் அல்ல. ஜோடி ஓர் இலையையோ வடிகட்டிக் குழாயையோ வாயால் மீண்டும் மீண்டும் துப்புரவாக்கத் தொடங்கினால் அந்த நாள் நெருங்கிவிட்டது என்று பொருள்.

ஜோடி சேர்ந்துவிட்டதாலேயே ஒன்று ஆண், மற்றொன்று பெண் என்று நம்பி நானே ஏறத்தாழ அரை ஆண்டை இழந்திருக்கிறேன். என் ஏஞ்சல் ஜோடி சேர்ந்தே நீந்தியது, மற்ற மீன்களை மூலையில் அண்டவிடாமல் விரட்டியது, அகன்ற இலையில் முட்டையும் இட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டாம் நாளே முட்டைகள் வெண்மையாகிப் பூஞ்சை பிடித்தன. நீரின் கடினத் தன்மையைக் குறைத்தேன், வெப்பத்தை மாற்றினேன், தீனியை மாற்றினேன். ஒரு மாலை அருகிலேயே உட்கார்ந்து பார்த்தபோதுதான், இரண்டு மீன்களுமே அடுத்தடுத்து இலையில் முட்டை பதித்துச் செல்வதைக் கண்டேன். இரண்டின் குழாயும் மழுங்கலாகவே இருந்தன. தகுந்த ஆண் இல்லாத தொட்டியில் இரண்டு பெண் ஏஞ்சல்கள் இவ்வாறு சேர்வது அரிதல்ல. வழக்கத்தைவிட இரு மடங்கு முட்டைகள் இருப்பதைப் பார்த்தே நான் ஐயுற்றிருக்க வேண்டும்.

கருவுற்ற முட்டை தெளிந்த தேன் நிறத்தில் இருக்கும். கருவுறாதது ஓரிரு நாட்களில் பால்போல் வெளுக்கும். ஆனால் வெளுத்த முட்டைகள் இரண்டு பெண்கள் என்பதற்கு மட்டும் சான்று ஆகாது. முதல்முறை சேரும் இளம் ஜோடிகளிலும் இது நடக்கும். ரெட் பேரட் என்னும் கலப்பின மீனில் ஆண்கள் பெரும்பாலும் மலடாக இருப்பதால், உண்மையான ஜோடியே இட்ட முட்டைகளும் வெளுத்துப்போகும். முட்டையை இடுவது எந்த மீன், அதன் மேல் பின்தொடர்ந்து வயிற்றை உரசிச் செல்வது எந்த மீன் என்பதைக் கண்ணால் பார்ப்பதே ஐயமற்ற சான்று.

எத்தனை மீன்கள் வாங்குவது?

ஜோடி சேரும் இனங்களில் ‘உறுதியான ஜோடி’ என்று சொல்லி விற்கப்படும் இரண்டு மீன்களுக்கு அதிக விலை கொடுப்பதைவிட, ஆறு இளம் மீன்களை வாங்கி ஒன்றாக வளர்த்து, அவை தாமே ஜோடி தேர்ந்தெடுக்க விடுங்கள். மலாவி இனங்களுக்குப் பத்து, பன்னிரண்டு குஞ்சுகளில் தொடங்கி, ஆண்கள் வெளிப்பட வெளிப்பட அகற்றி, ஓர் ஆணுக்கு நான்கு பெண்களாவது இருக்கும்படி விடலாம்.

உங்கள் வீட்டிலேயே பிறந்த ஒரு ஈடு முழுவதும் ஆண்களாகத் தெரிந்தால் கணிப்பு தவறு என்று அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். கிரிபென்சிஸில் நீர் அமிலத் தன்மை மிகுந்திருந்தால் ஆண் குஞ்சுகள் பெருகும். அபிஸ்டோகிராமாவின் பல இனங்களில் நீரின் வெப்பம் கூடினாலும் அப்படியே. ஈட்டின் பிறந்த நாளோடு நீரின் வெப்பத்தையும் அமில அளவையும் எழுதி வைத்தால் அடுத்த ஈட்டில் சரிசெய்ய வழி கிடைக்கும்.

பால் உறுதியான மீன் எது என்பது அடுத்த வாரமே மறந்துவிடும். ஒரே நிறத்துப் பத்து மீன்களுக்குள் அதை மீண்டும் தேடுவது கடினம். முட்டைப் புள்ளிகளின் எண்ணிக்கையும் அமைப்பும், பட்டைகள் பிளவுபடும் இடமும் மீனுக்கு மீன் வேறுபடும். ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, அடிவயிற்றுப் படத்தோடு சேர்த்து, நாளும் நீளமும் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே மீனின் துளைகளை மறுபடி படமெடுத்து, பழைய படத்துக்கு அருகில் வைத்துப் பாருங்கள்.